படையல் சுவர் வந்த பெட்டி

பழம்பொருள்களைப் பெட்டியில் அடைப்பதும் பெட்டியிலிருந்து எடுப்பதும்தான் நம் தொழில். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் சிலையைப் பார்ப்பார்கள், ஓவியத்தைப் பார்ப்பார்கள், அதைத் தூக்கி வைத்தவனைப் பார்க்க மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வளைகுடாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வு பெற்று ஊரில் இருக்கும் என்னை என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். கையுறை எப்படிப் போடுவது, நுரைப்பஞ்சை எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கிறது, வீடியோகூட இருக்கிறதாம். ஊக்கம் தரும் கதை வேண்டுமென்றால் அதற்கும் வேறு ஆளைப் பிடியுங்கள். என்னிடம் இருப்பது ஒரு பெட்டியின் கதைதான், அதுவும் கேட்டால் மனசு கனக்கிற கதை.

நான் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பெயர் அந்தோணி. கடல் எனக்கு ஒத்துவரவில்லை. படகில் ஏறினாலே குமட்டும். தச்சு வேலை பழகிக்கொண்டு அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் தொழிற்சாலைக்குப் போனேன். வாஷ்பேசின்களுக்குப் பெட்டி அடிக்கும் வேலை. ஊரில் என் அம்மாவைக் குழியில் இறக்கியபோது நான் அங்கே பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். லீவு கிடைக்கவில்லை. வளைகுடாவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருக்கும் என்பதால் அதை நீட்டவில்லை.

பிறகு கலைப்பொருள்களை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனிக்கு மாறினேன். அங்கே சேர்ந்த புதிதில் மஸ்கட்டில், ரூவி என்ற பகுதியில், ஒரு பெரிய கடை முதலாளிக்குப் பழைய மரப்பலகை ஓவியம் ஒன்று கொண்டுபோனோம். விமானத்தின் வயிற்றில் குளிர்ந்து விறைத்துப்போய் வந்த பெட்டி. முதலாளிக்குப் பொறுமை இல்லை. "யல்லா, யல்லா" என்று தலைமேல் நின்றார். எங்கள் சூப்பர்வைசரும் திறக்கச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் மாதம் ஏசி அறையிலிருந்து வாசலுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடி எப்படி மூடிக்கொள்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓவியத்தின் மேல் அப்படித்தான் பனி பூத்தது, பிறகு துளித்துளியாக நீர் கோத்தது. துடைக்கவும் முடியாது, தொடவும் முடியாது. பழைய வர்ணம் எங்கள் கண்ணெதிரே அப்பளம் போலக் கொப்பளித்து எழுந்தது. 

அதனால்தான் குளிர்ந்து வந்த பெட்டியை ஒரு முழு நாள் அறையில் மூடியபடியே வைக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறார்கள். பெட்டியின் உட்சூடு அறையின் சூட்டோடு சமமாகட்டும், பிறகு திற. இந்த விதியை நான் ரூவியில் படித்தேன்.

இனி அந்தப் பெட்டியோடு வந்த டாக்டரைப் பற்றி. வைத்தியர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். அவர் எகிப்துக்காரர், அங்கே ஒரு சிற்றூர் அருங்காட்சியகத்தில் சுவரோவியங்களைப் பழுதுபார்ப்பவர். பொருள் வெளிநாடு போகும்போது அதன் கூடவே பயணம் செய்து, பெட்டி திறக்கும்போது பக்கத்தில் நின்று, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடும்வரை அதை விட்டு நகராத ஆள் ஒருவர் வருவார் அல்லவா, அப்படித்தான் அவர் எங்களிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. குள்ளம். உரத்த குரல். கோபம் வந்தால் அரபியில் திட்டுவார், கோபம் போனால் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டுவார். நானும் அவரும் அரபி, ஆங்கிலம், கொஞ்சம் இந்தி எல்லாம் கலந்த, தொழிலாளர் கேம்ப்களில் புழங்கும் பாஷையில்தான் பேசிக்கொள்வோம். இங்கே அதைத் தமிழில் சொல்கிறேன்.

முதல் முறை அவர் கொண்டுவந்தது மரப்பொம்மைகள். ஒரு கல்லறையிலிருந்து எடுத்தவை. மாவு பிசைகிறவள், ரொட்டி சுடுகிறவன், பீர் வடிக்கிறவன் என்று ஒரு சமையலறையே இருந்தது. செத்தவருக்குச் சாப்பாடு தட்டக்கூடாது என்று செய்து வைத்ததாம். பொம்மைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்ததும் டாக்டர் அவற்றோடு வந்த பழைய எழுத்துப் பலகையைப் பார்த்து எதையோ சத்தமாக வாசித்தார். பிரார்த்தனை போல இருந்தது. நாங்களும் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினோம்.

என் கூட்டாளி குணம் யாழ்ப்பாணத்துக்காரன். மனதில் தோன்றியதைக் கேட்காமல் இருக்க மாட்டான். "டாக்டர் என்ன வாசிச்சவா எண்டு கேளுங்கோ அண்ணை" என்று என்னை இடித்தான்.

கேட்டேன். டாக்டர் சிரித்தார். "அந்தக் காலத்தில் கல்லறைச் சுவரில் வழிப்போக்கர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதி வைப்பார்கள். இந்தப் பக்கம் போகிறவரே, கையில் படைக்க ஒன்றும் இல்லையென்றால் வாயாலாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் வாத்து, இன்னாருக்கு என்று சொல்லுங்கள். உங்களுக்குச் செலவு ஒரு மூச்சுதான். சொன்னால் அது அவருக்குச் சாப்பாடாகப் போய்ச் சேரும். நான் தொழுகிறவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் இவ்வளவு பணிவாகக் கேட்டிருக்கிறார்கள், ஒரு மூச்சுக்கு என்ன கஞ்சத்தனம்?"

குணம் விடவில்லை. "பேர் தெரியாட்டி?"

"பெயர் வேண்டும்" என்றார் டாக்டர். "பெயர் இல்லாமல் படைத்தால் அது யாருக்குப் போகும்? வேண்டாதவர்கள் கல்லறைக்குள் புகுந்து முதலில் பெயரைத்தான் கொத்தி அழிப்பார்கள். பெயர் போனால் செத்தவர் பட்டினி."

அன்றிலிருந்து அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவர் எது கொண்டுவந்தாலும், கடைசியில் வாசிப்பார், நாங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்போம். வேலை முடிந்தது என்பதற்கு எங்களுக்கு அதுதான் அடையாளம்.

கடைசியாக அவர் கொண்டுவந்தது ஒரு சுவர்த்துண்டு. அமீரகத்தில் புதிதாகத் திறக்கவிருந்த ஓர் அருங்காட்சியகத்துக்கு. வைக்கோல் கலந்த களிமண் பூச்சு, மேலே சுண்ணாம்பு, அதன்மேல் வர்ணம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், அழுத்தித் தொட்டால் உதிர்ந்துவிடும். அது கல்லறையில் நொறுங்கி விழும் நிலையில் கிடைத்தபோது, மெல்லிய தூரிகையால் துணுக்குத் துணுக்காக ஒட்டவைத்தவர் இந்த டாக்டர்தான். அவருடைய இளவயதில் பாதி அந்தச் சுவரில் போயிருக்கிறது. "எனக்குப் பிள்ளை இல்லை, அந்தோணி. இது இருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

பெட்டி காலையில் வந்து இறங்கியது. விமான நிலையத்திலிருந்து லாரியில் எங்களோடு வந்த டாக்டருக்கு வழியில் போன் வந்தது. பேசி முடித்ததும் முகம் வெளிறிவிட்டது. அவருடைய அம்மா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள், உடனே வா என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மாலையில் கெய்ரோவுக்கு ஒரு விமானம் இருந்தது. அதைப் பிடித்தால் இரவுக்குள் அம்மா பக்கத்தில் இருக்கலாம்.

அருங்காட்சியகத்தில் பொருள்களுக்குப் பொறுப்பு ஓர் இளம் எமிராத்தி அதிகாரி. நல்ல மனசுள்ள பெண். டிக்கெட்டும் காரும் நான் தருகிறேன், நீங்கள் கிளம்புங்கள், நாளைக்கு எங்கள் ஆட்கள் திறந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார். டாக்டரின் மேலதிகாரிக்கு அவரே போன் செய்து கெஞ்சினார். அந்த மனிதரும் கெட்டவர் இல்லை. ஆனால் இந்தச் சுவர் இருக்கும் நிலையில் டாக்டர் இல்லாமல் யாரும் பெட்டியைத் திறக்கக்கூடாது, திறந்து கையெழுத்துப் போடும்வரை அவர் அதை விட்டுப் போகவும் கூடாது என்று சுவரை இரவல் கொடுத்தபோதே பேசியாகிவிட்டது, வேறு ஆள் அனுப்பவும் வழி இல்லை, அம்மாவுக்கு அல்லா சுகம் தரட்டும் என்றார். அதிகாரி போனை வைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். "நீங்கள் விரும்பினால் இப்போதே திறக்கலாம், டாக்டர். நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். சுவரில் ஏற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான் மறுக்க மாட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அந்தோணி, நீ சொல். திறக்கலாமா?"

பெட்டியின் மூடியில் இருந்த திருகாணிகளின் தலையில் விரலை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தன. அந்தக் கோடையில் சேமிப்பறையின் ஏசி எவ்வளவு முக்கினாலும் காற்றில் ஈரம் இருந்தது.

குணம் என் காதருகே வந்தான். "திறக்கலாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பாவம் மனுசி, தாயைப் போய்ப் பாக்கட்டும். செத்தவைக்குச் சோறு போட்ட சுவர்தானே, கொஞ்சம் உதிர்ந்தா என்ன குறைஞ்சு போகும்?"

"சும்மா கெட டே" என்றேன்.

ஆனால் அவன் சொன்னது என் வாய் வரைக்கும் வந்திருந்தது. ஒரு வார்த்தை. திறக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் திறந்திருப்பார்; அந்த நிமிடத்தில் யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் என் கண்ணுக்கு ரூவியில் கொப்பளித்த வர்ணம்தான் தெரிந்தது. இவர் இளமையைக் கொடுத்து ஒட்டவைத்த சுவர் இவர் கண்முன்னேயே உரிந்து விழுந்தால், அதையும் தலையில் சுமந்துகொண்டா அம்மாவிடம் போவார் என்று நினைத்தேன்.

"இன்று வேண்டாம், டாக்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று பகல் முழுவதும் நாங்கள் அந்த அறையில் வேறு பெட்டிகளைப் பிரிப்பதாகப் பாவலா பண்ணிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபடி இருந்தார். ஒரு தடவை போனை அம்மாவின் வாயருகே வைத்திருப்பார் போல. உலர்ந்துபோன ஒரு குரல், "மய்யா, மய்யா" என்றது. வளைகுடாவில் ஒரு நாள் வெயிலில் வேலை செய்தவனுக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். தண்ணீர் கேட்கிறார். டாக்டர் போனில் அண்ணனிடம் கத்தினார், "கொடு, கொடு, பஞ்சில் நனைத்தாவது உதட்டில் வை." பிறகு எழுந்து அறைச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குணம் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனான், என்ன நினைத்தானோ, கொடுக்காமலே திரும்பி வந்தான்.

மாலை விமானம் போய்விட்டது. 

மறுநாள் காலை நாங்கள் டியூட்டிக்கு வந்தபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். "கலாஸ்" என்றார். விடியும்போது முடிந்துவிட்டதாம். பகல் தொழுகை ஆனதும் அடக்கம். அவர்கள் வழக்கத்தில் காத்திருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படிப் பறந்தாலும் போய்ச் சேர முடியாது. அதிகாரி அழுதுவிட்டார். இன்று வேண்டாம், நாளை திறக்கலாம், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றார்.

"இனி எதற்கு ஓய்வு? ஒரு நாள் காத்திருந்தாயிற்று. திற, அந்தோணி" என்றார் டாக்டர்.

திருகாணிகள் அறையின் சூட்டுக்கு வந்திருந்தன. மூடியை எடுத்தோம், நுரைப்பஞ்சை எடுத்தோம், மெல்லிய தாளை அவரே விலக்கினார். ஒரு பொட்டு வர்ணம்கூட உதிரவில்லை. அத்தனை நாள் தொழிலில் நான் பார்த்த பொருள்களிலேயே இவ்வளவு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது வேறில்லை.

ஓவியத்தில் ஒரு மூதாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் ஒரு மேசை. அதில் நீள நீளமாக ரொட்டி, வெங்காயத் தாள், திராட்சைக் குலை, இறகு பறித்த வாத்து, மேலே ஒரு தாமரை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் நின்று, சிறிய குடத்தைச் சரித்து அவளுக்குத் தண்ணீர் வார்க்கிறாள். நீலத்தில் வளைந்து வளைந்து இறங்கும் கோடு. மேலே பறவையும் பாம்பும் கண்ணுமாக எழுத்து. "வார்க்கிறவள் இவளுடைய மகள்" என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். குணம் அழுதேவிட்டான்.

டாக்டர் அழவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். பகல் தொழுகை நேரம் கடந்து கொஞ்சத்தில், மேசைமேல் அவர் போன் அதிரத் தொடங்கியது. அடக்கத்தைக் காட்ட அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் கையுறை போட்ட தன் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அப்போது அவருடைய விளக்கு, தண்ணீர் வார்க்கிற பெண்ணின் கைக்கு நேரே இருந்தது. எடுக்கவில்லை. போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது, நின்றது. அவர் அடுத்த மூலைக்குப் போனார்.

எல்லாம் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் வாசிக்க வேண்டிய நேரம். எழுத்துகளை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைவது போல இருந்தது. பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு கையுறைகளைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"இவளுக்கு மூவாயிரம் வருஷமாக மகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அந்தோணி. போதும்" என்றார்.

விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "நீ சொன்னது சரிதான். அதை நினைத்து வருத்தப்படாதே." அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

இதுவரை கேட்டுவிட்டு, கடமை தவறாத ஒரு பெண்ணின் கதை என்று நீங்கள் நெகிழ்ந்துபோவீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். அந்தச் சுவரை ஏற்ற வேண்டிய கூடத்தில் ஏசி சரியாக நிற்கவில்லை, ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது. ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள், சரிப்படவில்லை. அந்தக் கூடத்தைத் திறப்பதையே தள்ளிப்போட்டார்கள். சுவர்த்துண்டு மறுபடி பெட்டிக்குள் போய் அங்கேயே கிடந்தது. இரவல் கொடுத்த காலம் முடிந்தது, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். பார்வையாளர் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. அன்று பெட்டியைத் திறந்திருக்கவே வேண்டியதில்லை. மூடியபடியே ஊருக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். டாக்டர் வந்தே இருக்க வேண்டாம்.

யார்மேலும் தப்பு சொல்ல முடியவில்லை என்பதுதான் இதில் என்னால் தாங்க முடியாதது. விதி சரி. அதிகாரி நல்லவர். நானும் சரியாகத்தான் சொன்னேன், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு இதை எத்தனையோ விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். எப்படிப் போட்டாலும் ஒரு கிழவி தண்ணீர் கேட்டுக்கொண்டே போகிறாள், மகள் ஒரு மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சரியாக முடிவெடுத்தால் நிம்மதி வரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை.

சுவரைக் கொண்டுபோக வேறொரு ஆள் வந்தான். இளைஞன், கையில் இருந்த போனிலேயே கண். டாக்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் வேலையை விட்டுவிட்டார், நான் பார்த்ததே இல்லை என்றான். எங்களிடம் இருந்த அவருடைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், அது உபயோகத்தில் இல்லை என்றது.

மூடியைப் போடுவதற்கு முன் குணம் என் கையைப் பிடித்தான். "அண்ணை, அவா அண்டைக்கு வாசிக்கேல்லை."

"அதுக்கு?"

"நீங்களாவது சொல்லுங்கோவன். மூச்சுத்தானே செலவு எண்டு சொன்னவா. சுவரில இருக்கிறவளுக்கு வேண்டாம். டாக்டரின்ர அம்மாவுக்குச் சொல்லுங்கோ. தண்ணிக்கு ஏங்கிப் போன மனுசி."

நான் வேதக்காரன். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவன். ஆனாலும் தொப்பியைக் கழற்றினேன். குணமும் கழற்றினான். வந்த இளைஞன் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி போனில் குனிந்துகொண்டான்.

"ஆயிரம் ரொட்டி" என்றேன் தமிழில். "ஆயிரம் குடம் தண்ணி."

அடுத்து பெயரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குணத்தைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். ஒரு பகல் முழுக்க அந்த அம்மாளைப் பற்றிய போன்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம், அவர் குரலையே கேட்டோம். மறுநாள் அவரை மண்ணில் வைத்தபோது போன் எங்கள் கண்முன்னே அதிர்ந்தது. அவர் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இளைஞனிடம் கேட்டேன். "எந்த அம்மா?" என்றான்.

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டேன். பிறகு இருவருமாக மூடியைத் தூக்கிப் போட்டோம். குணம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் திருகாணிகளை முடுக்கினோம்.